தண்ணீர் விடாமல் மூட்டிய அடுப்பு

அடுப்பின் கைப்பிடியில் ஒரு சிவப்பு எச்சரிக்கை மட்டை தொங்கியது. தண்ணீர் நிரப்பாமல் மூட்டக் கூடாது என்று பிரெஞ்சில் பெரிய எழுத்துகளில் இருந்தது. அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நெருப்பு வைத்தவன் நான்தான். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. வாசித்தேன். வாசித்த பிறகுதான் கழற்றினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்வதற்கு ஐஸ் மழையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். மழை பெய்தது. பெய்த மழை மின்கம்பிகளில் உறைந்தது. பாரம் தாங்காமல் கம்பங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சுவரோரம் ஓடிய மின்சார ஹீற்றர்கள் செத்துப்போயின. மகளுக்கு அப்போது நாலு மாதம். ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில், மடக்குக் கட்டில்களில், இருமிக்கொண்டிருந்த நூறு பேருக்கு நடுவில் ஆறு நாள் கிடந்தோம். மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மகள் தேறினாள். மனைவி தேறவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் லைட் ஒருமுறை மினுங்கினால் போதும், அவள் எழும்பிப் போய் மகளின் குளிர் உடுப்பை எடுத்துவைப்பாள்.

நகரத்து ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கியது சில வருடங்கள் கழித்து. பழைய வீடு. ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம், எனக்கு டவுன்டவுனில் ரெஸ்ரோறண்ட் குசினியில் சமையல் வேலை, அதனால் பிடித்தது. ஒவ்வொரு அறையிலும் வார்ப்பிரும்பு றேடியேற்றர், கட்டைக் காளை மாதிரி. பேஸ்மெண்டில் ஒரு மின்சார பொய்லர் தண்ணீரைச் சூடாக்கும், ஒரு பம்ப் அந்தத் தண்ணீரை வீடெல்லாம் தள்ளும். விற்றவன் இதைப் போலச் சூடு வேறெங்கும் கிடைக்காது என்றான். உண்மைதான். கரண்ட் இருக்கும் வரைக்கும்.

முதல் குளிர்காலமே, மாசி மாதத்தில் ஒரு பகல், யாரோ காரைக் கொண்டுபோய்க் கம்பத்தில் இடித்தான். ஒன்பது மணித்தியாலம் கரண்ட் இல்லை. நான் அறை அறையாகப் போய் றேடியேற்றர்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. மனைவி மகளைக் குளிர் உடுப்புக்குள் திணித்து, காரை ஸ்ராட் பண்ணி, அதற்குள் போய் இருந்துவிட்டாள். நான் கண்ணாடியில் தட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடமே மறுபடி பிள்ளை தங்கியது. மார்கழியில் பிறக்கும் என்றார்கள். புரட்டாதியில் அவள் குழந்தை உடுப்பு, போர்வை, போத்தல் எல்லாவற்றையும் ஒரு நீலப் பெட்டியில் அடுக்கி, அதைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். ஏன் என்றேன்.

"ஆஸ்பத்திரியிலையிருந்து நேரா அக்கா வீட்டைதான் போவன். கரண்ட் இல்லாட்டியும் சுடுற வீடெண்டாத்தான் பிள்ளையோடை இஞ்சை வருவன்."

அக்கா இன்னும் கோட்-டெ-நெய்ஜில்தான் இருந்தார். அங்கேயும் கரண்ட் போனால் குளிர்தானே என்று கத்தினேன். அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறாள், ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து இரண்டு தெரு, அங்கே ஜெனறேற்றர் இருக்கிறது, கரண்ட் போனால் நடந்தே போய்விடலாம் என்றாள். அவள் கத்தவில்லை. எல்லாவற்றையும் யோசித்து முடித்தவளோடு சண்டை பிடிப்பது வீண். பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வரும்போது காருக்குள் தனியாக இருந்து வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை. என் பிள்ளை என் வீட்டுக்கு வராது என்றால் பிறகு அந்த வீட்டுக்கு மாதாமாதம் எதற்குக் கடன் கட்ட வேண்டும்.

எங்கள் ரெஸ்ரோறண்ட் குசினியில் கழிவுத் தண்ணீர் போகிற கான் அடைத்தால் ஒரு பிளம்பர் வருவான். கியூபெக்காரன், என் வயது, முன்பல் ஒன்று இல்லை. எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகும், இரண்டு பேருக்கும் வாய் சரியில்லை. என் பிரெஞ்சு குசினியில் பொறுக்கிய பிரெஞ்சு, பாதிக்கு மேல் திட்டு. இந்த ஊரில் திட்டுவதென்றால் தேவாலயத்துச் சாமான்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேஸ்மெண்டைப் பார்த்தான். குழாய்களைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தான்.

இந்த வீடு நிலக்கரிக்குக் கட்டியது என்றான். அந்தக் காலத்தில் பம்பே இல்லை. சுட்ட தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கும், அதற்காகத்தான் குழாய்கள் இவ்வளவு தடிப்பு. பம்பைப் பிறகு வந்த எவனோ பூட்டியிருக்கிறான். இரும்புச் சுவருக்குள்ளே தண்ணீர் நிற்கும் விறகு அடுப்பு ஒன்றை பொய்லருக்குப் பக்கத்தில் வைத்து இதே குழாய்களில் இணைத்துவிட்டால் போதும். கரண்ட் இருந்தால் பம்ப் தள்ளும். இல்லாவிட்டால் பம்பைச் சுற்றிப் போகும் ஒரு துணைக் குழாய் வழியாகத் தண்ணீர் தானே சுற்றும். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தான். ஒரு றேடியேற்றருக்கு அடைக்கிற திருகு இருக்கவே கூடாது. விறகு எரிகிறபோது சூடு போவதற்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும். எந்த அறை என்று கேட்டான். அடுப்பு வரப்போகிற இடத்துக்கு நேர் மேலே இருந்த சின்ன அறையைக் காட்டினேன். பிள்ளைக்கென்று நினைத்திருந்த அறை.

அடுத்த இரண்டு மாதமும் எனக்கு எல்லோரோடும் சண்டை. இன்சூரன்ஸில் போன் எடுத்தவள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாள். பார்க்க வந்தவன் அளவுநாடாவைப் பிடித்து அடுப்பு சுவருக்கு ஒரு சாண் கிட்ட நிற்கிறது என்றான். சுவருக்கு முன்னால் தகரம் அடிக்க வேண்டும், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட வேண்டும். நான் அவனோடு வாதாடினேன். தகரம் அடிக்க வந்த பிளம்பர் அவன் சொன்னது சரிதான் என்றான். அதுதான் இன்னும் எரிச்சல். புகைபோக்கிக்குள்ளே புதிதாக இரும்புக் குழாய் இறக்கினார்கள். அடுப்பை நாலு பேர் சேர்ந்து பேஸ்மெண்டுக்குள் கொண்டுவந்தோம். வாசல் நிலையில் ஒரு துண்டு பெயர்ந்தது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஐப்பசி முடிந்து முதல் பனி விழுந்து உருகிய வாரம், ஒரு வியாழக்கிழமை, பிளம்பர் கடைசிக் குழாயைப் பூட்டி முடித்தான். வேலைக்காகக் குழாய்களிலிருந்து இறக்கிய தண்ணீரைத் திரும்ப விடுவது மட்டும்தான் மிச்சம். மேலே ஒவ்வொரு றேடியேற்றராகக் காற்றுத் திறந்து மெதுவாக நிரப்ப வேண்டும், அதற்கு அரை நாள் பிடிக்கும், நாளை மத்தியானம் வருகிறேன் என்றான். காலையில் அவனுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் வேலை இருந்தது. போகும்போது அந்தச் சிவப்பு மட்டையைக் கைப்பிடியில் மாட்டினான். என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, தொடாதே என்றான்.

இனி மச்சாளுக்கு வருகிறேன். மனைவியின் அக்காதான் மச்சாள். நல்ல மனுசி. ஐஸ் மழையில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர். ஆனால் நாள், நேரம், சகுனம் என்று வந்துவிட்டால் அவரோடு யாரும் கதைக்க முடியாது. புது அடுப்பு வருகிறது என்று தெரிந்ததும் போன் எடுத்தார். புது அடுப்பென்றால் முதல் நெருப்பில் பால் காய்ச்ச வேண்டும், பால் பொங்கி வழிய வேண்டும்.

இது சோறு கறி ஆக்குகிற அடுப்பில்லை, வீடு சூடாக்குகிற அடுப்பு என்றேன்.

"வீடு குடிபூரேக்கை கரண்ட் அடுப்பிலை பால் காய்ச்சினீங்கள். அதுதான் கரண்ட் போச்சு. இதிலையெண்டாலும் ஒழுங்காச் செய்யுங்கோ."

மனைவி பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் பிள்ளையைக் கொண்டுவருவதற்கு அவளுக்கு ஏதாவது ஒரு பிடி தேவைப்பட்டது, பால் பொங்குவதென்றால் பால் பொங்கட்டும். மச்சாள் ஐயரிடம் கேட்டு நேரம் எடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து ஒன்பது ஐம்பது வரைக்கும். அதை விட்டால் மூன்று கிழமைக்கு நல்ல நேரம் இல்லை, அதற்குள் பிள்ளை பிறந்துவிடும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிளம்பருக்குப் போன் எடுத்தேன். மத்தியானத்துக்கு முந்தி வெள்ளென வர முடியாது என்று வைத்துவிட்டான். எட்டரைக்கு மச்சாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கையில் தன்னுடைய எவர்சில்வர்ச் சட்டி, சந்தனம், குங்குமம், ஒரு லீற்றர் பால். நேராகக் கீழே இறங்கி அடுப்புக் கதவின் நெற்றியில் சந்தனம் வைத்தார். மட்டை இடைஞ்சலாக இருக்கிறது, கழற்றுங்கோ என்றார்.

நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்றால் அது பொய். பதினைந்து வருடம் நெருப்புக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவன் நான், ஒரு லீற்றர் பால் பொங்க எவ்வளவு நெருப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. சிராய் கொஞ்சம், சின்னக் கட்டை இரண்டு, பத்து நிமிசம். பொங்கும், வழியும், கும்பிடுவோம், நெருப்பு தானே அணையும். மத்தியானம் அவன் வருவதற்குள் அடுப்பு ஆறிவிடும். மட்டையைக் கழற்றினேன்.

பால் சுடவில்லை. அடுப்பின் மேல்தட்டு ஒரு விரல் தடிப்பு இரும்பு. சின்ன நெருப்பை அது அப்படியே குடித்துவிட்டது. பத்து நிமிசம் கழித்துப் பாலுக்குள் விரலை விட்டேன், பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிற அளவு சூடுதான். மச்சாள் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் இரண்டு கட்டை வையுங்கோ என்றார். வைத்தேன். பிறகு இன்னும் இரண்டு. காய்ந்த மேப்பிள் கட்டை, பிடித்தால் விடாது. புதுப் பெயின்ற் சூடேறி நாறத் தொடங்கியது, கண் எரிந்தது, மேலே புகை மணி அலறியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு படியில் நின்று அழுதாள். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் ஜன்னல்களைத் திறந்தாள். நான் அடுப்பின் பக்கத்தில் இருந்த வெப்பமானியைப் பார்த்தேன். முள் அடியிலேயே கிடந்தது. அசையவே இல்லை. ஒன்றும் பயமில்லை, இன்னும் சூடு ஏறவில்லை என்று நினைத்து இன்னுமொரு கட்டை வைத்தேன்.

அப்போதுதான் இரும்பு சத்தம் போட்டது. டிக், டிக் என்று உள்ளுக்குள்ளே. நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை அடுப்பின் பக்கச் சுவரில் விழுந்தது. விழுந்த இடத்தில் அது நிற்கவில்லை. உருண்டு துள்ளிக் காணாமல் போனது.

முள் ஏன் அசையவில்லை என்று அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. அது தண்ணீரின் சூட்டைக் காட்டுகிற முள். உள்ளே தண்ணீர் இல்லை. இல்லாத தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டு நான் விறகு வைத்திருக்கிறேன்.

"தண்ணிதானே இல்லை, இப்ப திறந்து விடுங்கோவன்" என்றார் மச்சாள். நிரப்புகிற குழாய்த் திருகு என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் சொல்ல முந்தியே என் கை அதில் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பதறினால் கை தண்ணீரைத்தான் தேடும்.

என்னை நிறுத்தியது ஒரு தாச்சிச் சட்டி. ஒருமுறை எங்கள் ரெஸ்ரோறண்ட் குசினியில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தன், அடுப்பில் காய்ந்துகிடந்த வார்ப்பிரும்புத் தாச்சியைத் தூக்கிக் கழுவுகிற தொட்டியில் போட்டான். வெடி வைத்த மாதிரிச் சத்தம். தாச்சி இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு தொட்டிக்கு வெளியே வந்து விழுந்தது. அது ஒரு தாச்சி. எனக்கு முன்னால் நிற்பது நாலு பேர் தூக்கிய இரும்பு. அதன் சுவருக்குள் பச்சைத் தண்ணீரை விட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

கையை எடுத்தேன். மச்சாள் தானே திருகைப் பிடிக்க வந்தார். "தொடாதேங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் மகள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

பால்சட்டியைத் தூக்கப் போனேன். பால் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. "ரெண்டு நிமிசம்" என்றார் மச்சாள், "பொங்காமல் இறக்கினா எவ்வளவு கூடாது தெரியுமோ, பிள்ளை வாற நேரத்திலை. ரெண்டு நிமிசம் பொறுங்கோ."

மனைவி படியில் நின்றாள்.

"இறக்குங்கோ" என்றாள். "பால் பொங்காட்டிப் போகட்டும். அடுப்பு போனா நான் எங்கை வாறது?"

இறக்கினேன். பிறகு குசினிக் கையுறையைப் போட்டு, சாம்பல் அள்ளும் சவளால் எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக இரும்பு வாளியில் எடுத்து, பேஸ்மெண்டின் பின்கதவால் வெளியே கொண்டுபோய் ஈர மண்ணில் கொட்டினேன். மூன்று முறை. பக்கத்து வீட்டுக்காரி தன் வேலிக்கு மேலால் பார்த்தாள். பொன்ஜூர் என்றேன். அவளும் பொன்ஜூர் என்றாள். கட்டைகள் புகைந்தன.

மணி பத்துக்கு மேல் ஆகிவிட்டது. மச்சாள் பாலைக் கொட்ட மனமில்லாமல் மேலே கொண்டுபோய் மகளுக்குக் கொடுத்தார். பிறகு வந்து, குரலைத் தாழ்த்தி, பிளம்பரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். "சொன்னா அவன் விட்டிட்டுப் போயிடுவான். பேந்து என்ன பிழை வந்தாலும் உங்கடை தலையிலைதான்."

அவர் சொன்னது புத்தியான பேச்சு. நான் அடுப்புக்குள் இருந்த சாம்பலைத் துடைத்தேன். சந்தனத்தைத் துடைத்தேன். சிவப்பு மட்டையை எடுத்துத் திரும்பக் கைப்பிடியில் மாட்டினேன். மாட்டிவிட்டு அதைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் இருந்தேன். அடுப்புக்குள்ளே எங்காவது தலைமுடி அளவு வெடிப்பு இருந்தால் இன்றைக்குத் தெரியாது. தை மாதம் தெரியும். நேர் மேலே உள்ள அறையில் பிள்ளை படுத்திருக்கும்போது தெரியும்.

பிளம்பர் வந்தான். கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சிப் பெயின்ற் மணத்தைப் பிடித்தான். கருவிப் பையை வைத்துவிட்டு நேரே போய் நிரப்புகிற திருகில் கை வைத்தான். இரும்பு இன்னும் முழுக்க ஆறவில்லை. பொறு என்றேன். சொன்னேன். பால், நேரம், ஐயர் எல்லாவற்றையும் என் பிரெஞ்சில் சொன்னேன். எதற்காகப் பால் பொங்க வேண்டும் என்பதை அந்தப் பிரெஞ்சில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அவனுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

தபர்நாக் என்று தொடங்கினான். தேவாலயத்தில் உள்ள அத்தனை சாமானையும் சொல்லி முடித்தான். தண்ணீர் விட்டாயா என்று கேட்டான். இல்லை என்றேன். மறுபடி கேட்டான். இல்லை. மூன்றாம் முறையும் கேட்டான். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் குந்திக்கொண்டான். திறந்திருந்தால் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி இந்த இரும்பை உடைத்து எறிந்திருக்கும், இன்றைக்கு இந்த வீட்டுக்கு நான் வந்திருக்க மாட்டேன், அம்புலன்ஸ்தான் வந்திருக்கும் என்றான். ஏன் திறக்கவில்லை என்று கேட்டான். தாச்சிக் கதையைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தான். பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தான்.

இன்றைக்குத் தொட மாட்டேன், முழுக்க ஆறட்டும், திங்கட்கிழமை வருகிறேன் என்றான். வெடித்திருந்தால்? என்று கேட்டேன். வெடித்திருந்தால் அது தோட்டத்தில் பூ நடத்தான் உதவும் என்றான். இன்னொரு அடுப்பு அந்தக் குளிர்காலத்துக்குள் வராது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வேலைக்குப் போய் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் கீழேதான் இறங்குவேன். ஆறிப்போய்க் கிடக்கிற அடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டு என்ன தெரியப்போகிறது. மனைவி ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு சொல் சொல்லியிருப்பேன், நெஞ்சு கொஞ்சம் இலேசாகியிருக்கும்.

திங்கட்கிழமை பிளம்பர் சின்னச் சுத்தியலோடு வந்தான். அடுப்பைச் சுற்றி ஒவ்வொரு சாணாகத் தட்டினான். நல்ல இரும்பு மணி மாதிரிச் சத்தம் போடும், வெடித்த இரும்பு பலகை மாதிரிச் சத்தம் போடும் என்றான். மேலே தட்டினான், மணி. வலப்பக்கம், மணி. இடப்பக்கம் கீழ் மூலையில் தட்டினான். பலகை. மறுபடி தட்டினான். பலகை. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. அவன் நிலத்தில் மல்லாந்து படுத்து லைட்டை அடித்தான். பிறகு கையை விட்டு எதையோ பிடுங்கினான். அடுப்பை இறக்கும்போது காலுக்குக் கீழே கொடுத்த மரத்துண்டு, அங்கேயே இரும்போடு முட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. எடுத்த பிறகு தட்டினான். மணி.

இது போதாது என்றான். தண்ணீரை மெதுவாக விட்டான். நான் மேலே அறை அறையாகப் போய்ச் சாவி மாதிரியான ஒரு சின்னத் திறப்பால் றேடியேற்றர்களின் காற்றைத் திறந்தேன். சீறிக்கொண்டு காற்று வந்தது, பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வந்தது. நிரம்பியதும் ஒரு கைப்பம்பைக் கொண்டுவந்து தண்ணீரை அழுத்தி, அழுத்தமானியின் முள் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். ஒரு மணித்தியாலம் பார்ப்போம் என்றான். எங்கேயாவது வெடிப்பு இருந்தால் முள் கோட்டை விட்டு இறங்கும்.

மனைவி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஐந்து சாப்பிட்டான். உறைப்பில் மூக்கு ஓடியது, துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டான். நான் சாப்பிடவில்லை. நான் கோட்டையும் முள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிக நேரம் பார்த்தால் முள் இறங்குகிற மாதிரித் தெரியும். பிறகு கண்ணை மூடித் திறந்தால் அங்கேயே நிற்கும்.

ஒரு மணித்தியாலம் முடிந்தது. அவன் குனிந்து பார்த்துவிட்டு, முள் கோட்டில்தான் நிற்கிறது என்றான். நான் வெளியே போனேன். கராஜ் சுவரோடு அடுக்கிவைத்திருந்த விறகை இறக்கி மறுபடி அடுக்கினேன். அது ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது.

கடைசிச் சோதனை மிச்சம். அவன் சின்ன நெருப்பு ஒன்று மூட்டினான். இந்த முறை முள் அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது. சூட்டைப் பம்ப் மேலே தள்ள முந்தி மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னான். இறக்கினேன். மேலே பிரிட்ஜ் நின்றது. பம்ப் நின்றது. அந்தப் பம்பின் இரைச்சல் அவ்வளவு நாளும் வீட்டில் இருந்தது என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. மனைவியைச் சின்ன அறையில் திருகில்லாத றேடியேற்றருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியிருந்தேன். முந்திய மணித்தியாலம் முழுக்க ஜன்னல் திறந்திருந்ததால் அந்த இரும்பு ஐஸாக இருந்தது.

அடுப்புக்கு மேலே போகிற குழாயைத் தொட்டேன். சுட்டது. ஒரு முழம் தள்ளித் தொட்டேன். குளிர். கொஞ்சம் பொறுத்து அந்த இடமும் சுட்டது. சூடு குழாய்க்குள்ளே நடந்து போவது கைக்குத் தெரிந்தது. கூரைக்குள் குழாய் மறைகிற இடம் வரைக்கும் அதன் பின்னாலேயே போனேன். அங்கிருந்து மேலே கேட்டேன், என்ன நிலை என்று.

"இன்னும் இல்லை" என்றாள்.

பிளம்பர் விறகு வைக்காதே, பொறு என்றான். பொறுத்தேன். எனக்குப் பொறுக்கத் தெரியாது, ஆனால் பொறுத்தேன். மறுபடி கேட்டேன்.

"ஒரு பக்கம் மட்டும் லேசா."

அதற்குப் பிறகு கேட்டபோது பதில் வரவில்லை. ஏறிப் போனேன். அவள் கதிரையைத் திருப்பிப் போட்டு, போர்வை போர்த்த முதுகை றேடியேற்றரில் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். வயிற்றின் மேல் இரண்டு கையும். வீட்டில் ஒரு லைட் இல்லை, ஒரு இயந்திரச் சத்தம் இல்லை. நான் இரும்பில் கை வைத்தேன். எடுக்க வேண்டியிருந்தது.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நாளைக்கு அக்கா வீட்டை போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ."

மறுநாள் போனேன். மச்சாள் பெட்டியை வாசலில் ஆயத்தமாக வைத்திருந்தார். பால் பொங்க வைத்தீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார். சண்டை பிடிக்காமல் கீழே வரைக்கும் வந்து காரின் கதவைத் திறந்துவிட்டார்.

மகன் மார்கழி நடுவில் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்குத்தான் வந்தான். தை மாதம் ஒரு பின்னேரம், அவனுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும், காற்றும் பனியுமாக அடித்துக் கரண்ட் போனது. ரொக்ஸ்பரோவில் மட்டுமில்லை, கோட்-டெ-நெய்ஜிலும் போனது. எனக்கு அன்றைக்கு லீவு, காலையிலிருந்தே அடுப்பை எரித்துக்கொண்டிருந்தேன். பிரிட்ஜ் சத்தம் நின்றபோதுதான் கவனித்தேன். எழும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் சின்ன அறையில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குளிர் உடுப்பைத் தேடி எழும்பவில்லை. துவாயைத் தாங்கோ என்று என்னிடம் கையை நீட்டினாள், அவ்வளவுதான்.

போன் அடித்தது. மச்சாள். தன்னுடைய கட்டடத்தில் சூடு இல்லை, வந்து ஏற்ற முடியுமா என்று கேட்டார். போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். கோட்டைக் கழற்றாமலே நேரே சின்ன அறைக்குப் போய் றேடியேற்றருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். பிள்ளையை மடியில் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்றினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் சால்வையையும் கழற்றினார். இரும்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பால் பொங்கியிருந்தா இன்னும் கொஞ்சம் சுட்டிருக்கும்" என்றார்.

மனைவி சிரித்தாள். நான் கட்டை வைக்கக் கீழே இறங்கினேன்.